நடந்து காட்டச் சொன்னார்கள்

அவருக்குப் பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்று அடையாள அட்டையில் இருக்கிறது. அதைச் சொல்லி யாரும் அவரை அழைத்ததில்லை. தெருவில் எல்லோருக்கும் அவர் கூலிங்காரர். ஃப்ரிட்ஜ், ஏசி, கடைகளில் குளிர்பானம் அடுக்கும் கண்ணாடிப் பெட்டி என்று குளிர்விக்கிற எதுவாக இருந்தாலும் பிரித்து மேய்ந்துவிடுவார். கேஸ் உருளையையும் கருவிப் பையையும் ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு காலையில் கிளம்பினால், திரும்பும்போது சட்டை முழுக்கக் கரியும் எண்ணெயும். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். யார் வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தாலும், "இது ஃப்ரிட்ஜா, பீரோவா? துணியத்தான் இன்னும் மடிச்சு வைக்கல" என்று ஒரு போடு போடாமல் வேலையைத் தொடங்கமாட்டார். வேலை சுத்தமாக இருந்ததால் அந்த வாயை எல்லோரும் பொறுத்துக்கொண்டார்கள்.

அந்த வாய் அப்படியே மகளுக்கு வந்திருந்தது. ஒரே மகள். எதைச் சொன்னாலும் "ஏன்?" என்று கேட்டு, பதில் வந்தால் அதையும் மடக்கி, கடைசியில் தான் சொன்னதே சரி என்று நிலைநாட்டிவிட்டுத்தான் ஓய்வாள். அதனால் வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். இன்னொரு திறமையும் உண்டு. ஒருவரை ஒரு முறை பார்த்தால் போதும், அச்சு அசலாக அவரைப் போலவே நடந்து காட்டிவிடுவாள். மேல்வீட்டு அம்மா மூச்சு வாங்கப் படியேறுவதையும், வாடகை கேட்க வரும் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசலில் நிற்பதையும் அவள் செய்து காட்டும்போது, கூலிங்காரரும் மனைவியும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள்.

ஐந்து வயதில் அவள் அடிக்கடி விழ ஆரம்பித்தாள். ஒரு டாக்டர் சத்துக் குறைவு என்றார். இன்னொருவர் செருப்பை மாற்றச் சொன்னார். மூன்றாமவர், "ஒரே பொண்ணு, செல்லம் ஜாஸ்தி, தூக்கிக்கணும்னு விழறா" என்று சொல்லிவிட்டு ஃபீஸையும் வாங்கிக்கொண்டார். நாய் படாத பாடு பட்டு, கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தத்தை வெளியூருக்கு அனுப்பிப் பார்த்த பிறகுதான் நோய்க்கு ஒரு பெயர் கிடைத்தது. வாயில் நுழையாத பெயர். தசைகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சோர்ந்துபோகும், முதலில் கால், பிறகு கை, அப்புறம் மூச்சு என்றார்கள். லட்சத்தில் ஒருவருக்குத்தான் வருமாம். "இத்தனை வருஷத்துல ஒரு பரிசுச் சீட்டு விழுந்ததில்ல, இது விழுந்திருக்கு பாரு" என்று வெளியே வந்து மனைவியிடம் சொன்னார். சொன்ன கையோடு ஆஸ்பத்திரி வாசலில் இருந்த சைக்கிள் ஸ்டாண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

மருந்து அப்போது இல்லை. பஸ் சலுகைக்கும், பள்ளியில் கீழ்த்தளத்து வகுப்புக்கும், சிறிய உதவித்தொகைக்கும் மாற்றுத்திறனாளி அட்டை வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். அட்டை கொடுக்கும் ஆபீசுக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போன அன்று அவளுக்கு உடம்பு நன்றாக இருந்தது. புது கவுன், தலையில் பூப்போட்ட கிளிப். அங்கிருந்த டாக்டர் வாயைத் திறப்பதற்குள் அவளே பெஞ்சில் கால் வைத்து மேசைமேல் ஏறி உட்கார்ந்து, "உங்க ஃபேன் ஏன் இப்படிக் கத்துது? எங்கப்பாகிட்ட குடுத்தா சரி பண்ணிடுவார்" என்று விசாரணையைத் தொடங்கிவிட்டாள்.

டாக்டர் பேனாவை மூடினார். "நல்லா ஏறுறா, நல்லா பேசுறா. இவளுக்கு எதுக்கு அட்டை? நிஜமாவே முடியாதவங்க வெளியில வரிசையில நிக்கிறாங்க. அடுத்த வருஷம் வேணும்னா வந்து பாருங்க."

அந்த ஒரு வருடத்தில் கூலிங்காரர் பாடம் படித்துக்கொண்டார். ஆபீஸ் என்றால் நோயைக் காட்ட வேண்டிய இடம். நோய் லீவு எடுத்த நாளில் அங்கே போய் நின்றால் நாம் பொய்யர்கள். ஃப்ரிட்ஜும் அப்படித்தானே? வீட்டில் உயிரை வாங்கும். மெக்கானிக் வந்து பிளக்கைச் செருகினால் ஒன்றும் தெரியாத மாதிரி ஜம்மென்று ஓடும். ஃப்ரிட்ஜுக்குச் சொந்தக்காரரின் மூஞ்சியைப் பார்க்கச் சகிக்காது. அந்த மூஞ்சியோடு இனிமேல் எந்த ஆபீஸிலும் நிற்பதில்லை என்று முடிவு செய்தார்.

அடுத்த முறை வேலையைக் கச்சிதமாகச் செய்தார். கிளம்புவதற்கு முன் மகளை வீட்டுப் படிக்கட்டில் இரண்டு தடவை ஏறி இறங்க வைத்தார். பஸ்ஸிலிருந்து முன்கூட்டியே இறங்கி நடக்க வைத்தார். கிளிப் கிடையாது, வெளுத்த கவுன், காலில் தொளதொளவென்று பழைய செருப்பு. "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லணும். நீ ஒண்ணும் கேக்கக் கூடாது" என்று உத்தரவு. அவளுக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. மற்றதெல்லாம் அவளுக்கு விளையாட்டு.

"எப்படிப்பா நடக்கட்டும்? நேத்து மாதிரியா, போன வாரம் பாத்ரூம்ல விழுந்தேனே, அந்த மாதிரியா?"

"பாத்ரூம் மாதிரி."

இடது காலை இழுத்துக்கொண்டு, சுவரில் கை வைத்து, நின்று மூச்சு வாங்கி, மறுபடி இழுத்துக்கொண்டு அவள் அறைக்குள் போனதைப் பார்த்ததும் டாக்டர் எழுந்தே நின்றுவிட்டார். அட்டை அன்றைக்கே கைக்கு வந்தது. திரும்பும் வழியில் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து, "உனக்கு சினிமாவுல ஒரு சான்ஸ் பாக்கறேன்" என்றார் அப்பா. "ஹீரோயினா போட்டாத்தான் வருவேன்" என்றாள் மகள். இதில் யாரைக் குறை சொல்வது? அந்தக் கால் அவளுடைய கால்தான். அந்த நடையும் அவள் வாரத்தில் ஒரு நாள் நடக்கிற நடைதான். அந்த ஒரு நாளைப் பிடித்து ஆபீஸ் நாளில் கொண்டுவந்து வைத்தார், அவ்வளவே.

பஸ் சலுகை, வகுப்பு மாற்றம், உதவித்தொகை எல்லாம் இந்த வழியில்தான் வந்தன. பெரிய ஆஸ்பத்திரியில் மாதம் ஒரு முறை இந்த மாதிரிப் பிள்ளைகளைப் பார்க்கும் நாளில், காத்திருக்கும் கூடத்தில் அவருக்குத் தனி மரியாதை. புதிதாக வந்த பெற்றோர்கள் அவரைத் தேடி வந்து யோசனை கேட்பார்கள். ரொட்டிக்கடைக்காரர் ஒருவர் அப்படித்தான் பழக்கமானார். பயந்த சுபாவம். அதே நோய் உள்ள மகனைத் தோளில் போட்டுக்கொண்டே இருப்பார். "கூலிங்காரண்ணே சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று எதற்கெடுத்தாலும் தலையாட்டுவார்.

மகளுக்கு ஒன்பது வயதானபோது மருந்து வந்தது. அதாவது, உலகத்தில் வந்தது. ஒரு வருட மருந்தின் விலையைக் கேட்டால், கூலிங்காரர் ஏழு பிறவி எடுத்து ஊரிலுள்ள ஃப்ரிட்ஜையெல்லாம் கழற்றி மாட்டினாலும் அதை எட்ட முடியாது. அப்புறம் ஒரு நாள், அரிய நோய்களுக்கென்று அரசு தனியாக நிதி ஒதுக்கியிருக்கிறது, அந்தப் பணத்தில் இந்த மருந்தையும் வாங்கிக் கொடுப்பார்கள் என்று செய்தி வந்தது.

அந்தச் செய்தியை அவர் கேட்டது ஒரு வாடிக்கையாளர் வீட்டில். ஓய்வுபெற்ற ஆசிரியர், நல்ல மனுஷர். வந்ததும் டீ கொடுத்து, உட்காருங்கள் என்று சொல்கிறவர். ஹாலில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. கூலிங்காரர் சுவருக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவில் குந்தி உட்கார்ந்து தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா அநியாயத்தை?" என்றார் ஆசிரியர். "ஒரு பிள்ளைக்கு ஒரு வருஷம் குடுக்கிற காசுல ஊர்ப் பிள்ளைங்க அத்தனை பேருக்கும் தடுப்பூசி போட்டுடலாம். அதுவும் இந்த மருந்து குணப்படுத்தாதாம், தள்ளித்தான் போடுமாம். என்ன, நான் சொல்றது?"

"கணக்கு சரிதான் சார்" என்றார் கூலிங்காரர், ஃப்ரிட்ஜுக்குப் பின்னாலிருந்து.

சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. அவருக்கும் அது சரியென்றே பட்டது. தன் மகள் அந்தக் கணக்கில் எந்தப் பக்கம் நிற்கிறாள் என்பதுதான் தொல்லை. அன்று மட்டும் அவர் எந்தக் கேலியும் பேசாமல் வேலையை முடித்துக்கொண்டு வெளியே வந்தார். "உடம்பு சரியில்லையா?" என்று ஆசிரியர் வாசல்வரை வந்து விசாரித்தார்.

வீட்டில் திருவிழாக் கூத்துதான். மருந்தைக் குளிரில் வைக்க வேண்டும் என்று கேள்விப்பட்டதும் யாரோ தூக்கிப் போட்ட ஒரு குட்டி ஃப்ரிட்ஜை எடுத்து வந்து, கம்ப்ரஸர் மாற்றி, புது ரப்பர் போட்டு, உள்ளே ஒரு தெர்மாமீட்டரையும் தொங்கவிட்டார். கரண்ட் போனால் தாக்குப்பிடிக்க பேட்டரி வேறு. "மருந்து வர்றதுக்கு முன்னாடி அதுக்கு மாளிகை கட்டியாச்சா?" என்று கேட்டாள் மனைவி. அவள் சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறவள். பொருள் கைக்கு வரும்வரை எதையும் நம்பாதவள். வக்கீல் அதன் கதவில் 'தனியார் சொத்து, அத்துமீறி நுழைபவர்கள் தண்டிக்கப்படுவர்' என்று எழுதி ஒட்டினாள். காலி ஃப்ரிட்ஜ் மூலையில் உறுமிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டுக்கொண்டே கூலிங்காரர் பல வருடங்களுக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினார்.

சில மாதங்களில் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. மருந்துக்கான மதிப்பீட்டுக்குக் குழந்தையை அழைத்து வரவும் என்று மட்டும் இருந்தது. மதிப்பீடு என்றால் என்னவென்று கூலிங்காரருக்கா தெரியாது? படிக்கட்டில் ஏறி இறங்கச் சொன்னார். மனைவி வெளுத்துப்போன கவுன் ஒன்றைத் தேடி எடுத்தாள். பழைய செருப்பு சின்னதாகிவிட்டதால் தன்னுடைய தேய்ந்த செருப்பையே மகள் காலில் மாட்டிவிட்டாள்.

"பாத்ரூம் மாதிரிதானே?" என்றாள் வக்கீல்.

"அதுக்கும் மேல. இது பெரிய மருந்து. பெரிசா நடிக்கணும்."

நீளமான தாழ்வாரம். தரையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மஞ்சள் பட்டை ஒட்டியிருந்தார்கள். ஒரு பக்கம் நாற்காலி போட்டு, மதிப்பீட்டுக் குழுவின் டாக்டரம்மா உட்கார்ந்திருந்தார். அதிகம் பேசாத, களைத்த முகம். "அந்தக் கடைசி வரைக்கும் நடந்து காட்டும்மா. எப்படி முடியுதோ அப்படி நட" என்றார். வக்கீல் நடந்து காட்டினாள். சும்மா சொல்லக் கூடாது, பிரமாதப்படுத்திவிட்டாள். காலை இழுத்தாள், சுவரைப் பிடித்தாள், பாதியில் நின்று நெற்றியைச் சுவரில் சாய்த்தாள். பட்டையின் நடுவிலேயே உட்கார்ந்துவிட்டாள். தூக்கப் போன அப்பாவின் காதில், "போதுமா?" என்று கிசுகிசுத்தாள்.

அடுத்து ரொட்டிக்கடைக்காரர் மகன். அவனையும் களைக்க வைத்துத்தான் கூட்டி வர வேண்டும் என்று கூலிங்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆனால் பையன் வரும் வழியெல்லாம் அப்பாவின் தோளில் தூங்கி, பேர் கூப்பிட்டபோதுதான் கண் விழித்தான். தூக்கம் கலைந்த குஷியில் தாழ்வாரத்தின் அந்தக் கோடிக்கு ராஜநடை போட்டுப் போய், கேட்காமலேயே திரும்பியும் வந்தான். ரொட்டிக்கடைக்காரருக்கு முகம் செத்துவிட்டது. வெளியே வந்ததும் மகனின் முதுகில் ஒன்று வைத்து, "கெடுத்துட்டியேடா! எல்லாத்தையும் கெடுத்துட்டியே!" என்று அழவே ஆரம்பித்துவிட்டார்.

கூலிங்காரர் அவரைத் தோளில் தட்டி உட்கார வைத்தார். "விடுங்க. சின்னப் பையன், அவனுக்கென்ன தெரியும்? அடுத்த தடவை பாத்துக்கலாம். நான் கூடவே இருக்கேன்."

பிறகு ஒரு நாள் காலையில் ரொட்டிக்கடைக்காரரிடமிருந்து போன் வந்தது. "அண்ணே, கிடைச்சிருச்சுண்ணே! எப்படின்னே தெரியல, பேர் வந்திருச்சு! வக்கீலம்மாவுக்கு எப்போலேர்ந்து?" கூலிங்காரர் ஒரு குளிர்பானப் பெட்டியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். தனக்கு ஒன்றும் வரவில்லையே என்று சொல்ல வாய் வரவில்லை. "சந்தோஷம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டு, வேலையை அப்படியே போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

டாக்டரம்மா அவரை உட்காரச் சொன்னார். "உங்க பொண்ணு பேரு வரல. இந்த மருந்து இருக்கிற தசையைக் காப்பாத்தும். போனதைத் திருப்பித் தராது. வந்திருக்கிற பணம் கொஞ்சம் பேருக்குத்தான் போதும். அதனால யார் இன்னும் பிடிமானம் இல்லாம தானா நடக்கறாங்களோ, அவங்களுக்குத்தான் குடுக்கணும்னு விதி வச்சிருக்காங்க."

கூலிங்காரர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். "நடக்கறவங்களுக்கா?"

"ஆமா."

"மேடம், அவ நடப்பா. நல்லா நடப்பா. அன்னைக்கு... அன்னைக்கு நான்தான் அப்படி நடக்கச் சொன்னேன். படியேற வச்சுக் களைக்க வச்சுத்தான் கூட்டிட்டு வந்தேன். நடிச்சா மேடம். சத்தியமா நடிச்சா."

டாக்டரம்மா முன்னாலிருந்த பட்டியலை மூடி வைத்தார். இந்த நாற்காலிக்கு முன்னால் இதைச் சொன்ன முதல் ஆள் அவர் இல்லை போலும். "பேர் வராதவங்கள்ல பாதிப் பேர் வந்து இதைத்தான் சொல்றாங்க. நான் யாரை நம்பறது, யாரை விடறது?"

"நடக்கறவங்களுக்குத்தான்னு ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாமே மேடம்!"

"சொல்லக் கூடாதுன்னு உத்தரவு. சொன்னா அதுக்கேத்த மாதிரி தயார் பண்ணிக் கூட்டிட்டு வருவாங்கன்னு."

கூலிங்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல சிரிப்பில்லை. அறிவாளிகள் உட்கார்ந்து யோசித்து, யாரும் தயார்செய்துகொண்டு வரக் கூடாது என்று கதவைச் சாத்தியிருக்கிறார்கள். இவர் தயார்செய்துகொண்டு எதிர்ப்பக்கக் கதவில் போய் முட்டியிருக்கிறார். "இன்னொரு தடவை பாருங்க மேடம், நாளைக்கே கூட்டிட்டு வரேன்" என்று கெஞ்சினார். காலில் விழப் போனார். டாக்டரம்மா எழுந்து தடுத்து, "அடுத்த வருஷப் பணம் வர்றப்போ மறுபடி பாப்போம். அவ பேரை நானே சேர்க்கறேன். அது மட்டும்தான் என் கையில இருக்கு" என்றார்.

வீட்டில் யாரும் யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது தேவலை. "நானும்தானே என் செருப்பை மாட்டிவிட்டேன்" என்று சொல்லிவிட்டு மனைவி சமையலறையில் போய் உட்கார்ந்துகொண்டாள். குட்டி ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிவிட்டாள். அவர் மறுபடி செருகினார். மகளிடம் சொல்லும் வேலை அவருக்குத்தான் வந்தது.

"நல்லா நடந்தாத்தான் மருந்தாம்மா. அப்பாவுக்குத் தெரியாமப் போச்சு."

"தெரியாமலா என்னை நடிக்கச் சொன்னே?"

"ஆமா."

"தெரியாதுன்னா கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருக்கலாம்."

குறுக்கு விசாரணை அதோடு முடிந்தது. அப்பா முகத்தைப் பார்த்து அவளே நிறுத்திக்கொண்டாள். "சரி விடுப்பா. அடுத்த தடவை நல்லா நடந்து காட்டறேன். அது ஈஸிதானே" என்றாள்.

அந்த ஒரு வருடத்தை அவர் எப்படிக் கடத்தினார் என்பதைச் சொல்வது கஷ்டம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மகளின் காலையே பார்த்தார். பயிற்சி கொடு, இல்லாவிட்டால் தசை போய்விடும் என்று ஒருவர் சொன்னார். ஓய்வு கொடு, இல்லாவிட்டால் தேய்ந்துவிடும் என்று இன்னொருவர் சொன்னார். இரண்டையும் செய்தார். படியில் தூக்கிக்கொண்டு போனார், வீட்டுக்குள் நடக்கச் சொன்னார். தினமும் வேலையிலிருந்து வந்ததும் கையைக்கூடக் கழுவாமல், "எங்கே, வக்கீல், ஒரு நடை" என்பார். அவள் ஹாலில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை, வீட்டுக்காரர் தொண்டையைச் செருமுவது போல் செருமிக்கொண்டு நடந்து காட்டுவாள். அவர் கைதட்டுவார். "இதைத்தான், இதே மாதிரிதான்" என்பார்.

அவர் வரும்போதெல்லாம் அவள் உட்கார்ந்தே இருப்பாள். சுவருக்குப் பக்கத்திலேயே இருப்பாள். நடந்து முடித்ததும் அந்தப் பக்கச் சுவரோரம் உட்கார்ந்து, மணிக்கணக்கில் அங்கிருந்தே கதை பேசுவாள். மனைவி அந்த நேரத்தில் ஏதாவது வேலை இருப்பது போல் உள்ளே போய்விடுவாள். ஒரு தடவை, "ஏங்க, பள்ளிக்கூடத்துல அவ..." என்று ஆரம்பித்தாள். "நீ ஒண்ணும் சொல்லாத. நான் தினம் பாக்கறேன்ல?" என்று அவர் வெட்டிவிட்டார். பார்க்கிறவர்தான். பார்க்க விரும்பியதை மட்டும் பார்த்தார். பெற்றவர்களுக்கு அந்தச் சாமர்த்தியம் யாரும் சொல்லித்தராமலே வந்துவிடுகிறது.

ரொட்டிக்கடைக்காரர் மகன் ஊசி போட்டுக்கொண்டு அப்படியே இருந்தான். நடந்தான், ஓடினான், ஒரு நாள் கீழே விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டதை அவன் அப்பா பெருமையாக வந்து சொன்னார். கூலிங்காரர் அந்தச் சிராய்ப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். பொறாமையென்றால் அப்படியொரு பொறாமை. அன்றிரவு சாப்பிட முடியவில்லை. அதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டார்.

இரண்டாவது அழைப்பு வந்தது. இந்தத் தடவை ராஜ மரியாதை. முதல் நாள் முழுக்க ஓய்வு. கார் பிடித்து ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினார்கள். மகளைத் தாழ்வாரம் வரை தோளிலேயே சுமந்து போனார். காலுக்குச் சரியான புது ஷூ, புது கவுன், அவள் கேட்டபடி தலையில் கிளிப். மனைவி வழியெல்லாம் காரில் மகளின் இடது காலைத் தடவிக்கொடுத்துக்கொண்டே வந்தாள்.

"பயமா இருக்காம்மா?" என்று கேட்டார்.

"எனக்கென்ன பயம்? நீதான் இதையே மூணாவது தடவையா கேக்கறே" என்றாள் வக்கீல்.

அதே தாழ்வாரம், அதே மஞ்சள் பட்டை. டாக்டரம்மா அவளைப் பார்த்துச் சிரித்தார். நன்றாக நடந்துவிட வேண்டும் என்று அவருக்கும் ஆசைதான் என்பது முகத்தில் தெரிந்தது. "அந்தக் கடைசி வரைக்கும் போகணும். சுவரைத் தொடக் கூடாது. சரியா?"

முதலில் சரியாகத்தான் நடந்தாள். தலையை நிமிர்த்தி, கையை வீசி. கூலிங்காரர் அவளோடு சேர்ந்து மனதுக்குள் நடந்தார். பட்டையின் நடுவுக்கு வரும் முன்பே இடது கால் பின்தங்கியது. இழுத்தாள். இன்னும் ஒரு எட்டு வைத்தாள், மறுபடி இழுத்தாள். கை சுவரைத் தேடிப் போய் ஒட்டிக்கொண்டது. நெற்றி சுவரில் சாய்ந்தது. போன வருடம் அவள் செய்து காட்டிய அதே நடை. அணு அளவுகூட மாறவில்லை.

கூலிங்காரருக்கோ, பழக்கதோஷத்தில் பழையபடி செய்கிறாள், மறந்துபோய்ச் செய்கிறாள் என்றுதான் அந்த நேரத்தில் தோன்றியது. அத்தனை பேர் நிற்பதும் மறந்து, "விளையாடாத! இப்ப நடிக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல! கையை எடு! ஒழுங்கா நட!" என்று தாழ்வாரமே அதிரக் கத்தினார்.

மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஏங்க, வேணாங்க. விட்டுடுங்க. அவளால முடியலங்க. ரொம்ப நாளாவே முடியல."

வக்கீல் சுவரைவிட்டுக் கையை எடுத்துப் பார்த்தாள். முடியவில்லை, மறுபடி வைத்துக்கொண்டாள். அப்பா இவ்வளவு கோபமாகக் கத்தி அவள் பார்த்ததில்லை. முகத்தைத் திருப்பி அவரைப் பார்த்து, கெஞ்சுகிற குரலில் சொன்னாள்.

"இங்க நடிக்கலப்பா. வீட்டுலதான் நடிச்சேன்."

டாக்டரம்மா, "போதும்மா, உக்காந்துக்கோ" என்றார். அவள் உட்காரவில்லை. கடைசி வரைக்கும் போக வேண்டும் என்று சொல்லியிருந்தார்களே, அதனால் சுவரைப் பிடித்துக்கொண்டே, காலை இழுத்து இழுத்து, மிச்சமிருந்த தூரத்தையும் நடந்துகொண்டிருந்தாள். யாரும் எதையும் எழுதவில்லை. கூலிங்காரர் அவளைப் போய்த் தூக்கிக்கொள்ள நினைத்தார், கால் வரவில்லை.